பையனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: கணவரைப் பிரிந்து மூன்று வருடமாகிறது. மஞ்சக்குப்பத்தில் நானும் ஒன்பது வயது மகனும் மட்டும் இருக்கிறோம். ஜவுளிக்கடையில் வேலை. ஞாயிறு ஒருநாள்தான் லீவு. துணி துவைத்து, மாவரைத்து நிமிர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. கூடப் படிக்கும் பிள்ளைகள் ஊட்டி, கொடைக்கானல் போய்வந்து கதை சொல்ல, இவன் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். அப்பா இல்லாத குறையை நான் எப்படி ஈடுகட்டுவது?
வாசகி, கடலூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

ஈடுகட்டுவது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். நீங்கள் அவனுக்குக் கடன்பட்டவர் இல்லை, அம்மா.

என் அம்மாவும் தனியாளாகத்தான் எங்களை வளர்த்தார். ஊர் ஊராகக் கூட்டிப்போனதில்லை. ஞாயிறு காலையில் முறத்தில் நெத்திலியைக் கொட்டி, எனக்கும் அக்காவுக்கும் நடுவில் வைப்பார். தலையைக் கிள்ளி, அதோடு குடலையும் இழுத்துப் போடுவது எங்கள் வேலை. விரலெல்லாம் வெள்ளியாக மினுங்கும். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியிலிருந்து வீட்டு வாடகை ஏறியது வரை எல்லாம் அந்த முறத்தைச் சுற்றித்தான் பேசினோம். அம்மா எதையும் தோண்டித் துருவிக் கேட்டதில்லை. கை வேலையில் இருந்ததால் பேச்சு தானாக வந்தது.

அதனால் பையனை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஓடி ஓடிச் செய்யாதீர்கள். துணியை உதறிக் கொடுப்பான், கிளிப் மாட்டுவான், மாவில் உப்புப் போட்டுக் கையால் கலக்குவான். காலையில் மாவு பொங்கி மூடியைத் தூக்கி நிற்பதை அவனே முதலில் திறந்து பார்க்கட்டும். வேலை கொஞ்சம் கோணல்மாணலாக முடியும், முடியட்டும். ஒரு சட்டைக் காலரில் அழுக்கு நின்றால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சரி, நான்கு மணிக்கு மேல் என்ன வேலை பாக்கியிருந்தாலும் கதவைப் பூட்டிவிட்டுத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கிளம்புங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை, பையனுக்கு அரை டிக்கெட்தான். காலண்டரில் பௌர்ணமியை அவனையே வட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நம்முடையது கிழக்குக் கரை; முதுகுப் பக்கம் சூரியன் இறங்குகிற நேரத்தில் எதிரே கடலுக்குள்ளிருந்து நிலா எழும்பும். பௌர்ணமி சனிக்கிழமை வந்துவிட்டாலும் பரவாயில்லை. மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளி, இருட்டிய பிறகு வரும். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

நிலாவுக்குக் காத்திருக்கும்போது சுண்டலைக் கொறித்துக்கொண்டே அவனுக்கு அப்பர் கதை சொல்லுங்கள். கல்லில் கட்டிக் கடலில் போட்டும் மிதந்து வந்து உங்கள் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்த அவரை, பண்ருட்டி பக்கம் திருவாமூரில் அக்கா திலகவதியார்தான் ஒற்றை ஆளாக வளர்த்தார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவில் தன் அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்பான். பேச்சை மாற்றாதீர்கள். அவரைத் திட்டாமல், பொய்யும் சொல்லாமல், அவனுக்குப் புரிகிற அளவுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஒரு துண்டும் மாற்று டிரவுசரும் பையில் இருக்கட்டும். கால் மட்டும்தான் நனைப்பேன் என்பான், இடுப்புவரை நனைந்துதான் வருவான். அங்கே அலை இழுக்கும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் இறங்கி நில்லுங்கள்.