முத்துவுக்கு வயது 20, கடைசியாக ஒரு 80 ஓடலாமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். வயது 58. 14 வருஷமாக ஒரே குதிரைதான். முத்து என்று பெயர், காயடித்த கத்தியவாரி இனக் குதிரை. லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய் 40, 60, 80 கிலோமீட்டர் எண்டூரன்ஸ் (நெடுந்தூரக் குதிரைச் சவாரி) ஓட்டங்கள் நிறைய முடித்திருக்கிறோம். இப்போது அவனுக்கு 20. முன்பெல்லாம் நடுவில் டாக்டர் பார்க்கும்போது 5 நிமிடத்தில் நாடி 60க்கு இறங்கிவிடும். போன பிப்ரவரியில் 60 கி.மீ. ஓட்டத்தில், இரண்டாவது சோதனையில் 64க்கு வர 14 நிமிடம் ஆனது. பாஸ் ஆகிவிட்டான். கடைசியாக ஒரே ஒரு 80 ஓடிவிட்டு நிறுத்தலாம் என்று ஆசை. மகன் விற்றுவிட்டு இளங்குதிரை வாங்கலாம் என்கிறான். மனைவி தோட்டத்தில் அவிழ்த்துவிடச் சொல்கிறாள். பின்குறிப்பு: கொஞ்சம் இளைத்திருக்கிறான். புல்லை மென்று உருண்டை உருண்டையாகக் கீழே போடுகிறான். வயதானால் அப்படித்தானே?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயமே அந்தப் பின்குறிப்புதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். மென்ற புல்லை விழுங்காமல் உருட்டித் துப்பும் குதிரைக்குப் பெரும்பாலும் பல்லில் கோளாறு இருக்கும். குதிரையின் கடைவாய்ப் பல் வருஷத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும், மெல்ல மெல்லத் தேயவும் செய்யும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேற்பல்லின் வெளி விளிம்பும் கீழ்ப்பல்லின் உள் விளிம்பும் தேயாமல் நின்று கத்திபோல ஆகிவிடும். மேலே கன்னத்தைக் கிழிக்கும், கீழே நாக்கைக் கிழிக்கும். 20 வயதில் ஒரு பல் ஆடிக்கொண்டிருக்கலாம், ஒன்று விழுந்தே போயிருக்கலாம். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்பார்கள். கொள்ளுக்கே வாயைத் திறக்க யோசிக்கிறது என்றால் அதற்கு வாயில் வலி என்று அர்த்தம்.

வாயைத் திறந்து நிறுத்தும் கருவியும் அரமும் வைத்திருக்கிற, குதிரை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். மயக்க ஊசி போட்டுத்தான் பார்ப்பார். லாடக்காரரே ராவிவிடுவார் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்து தீவனம். உங்கள் பக்கம் மேடெல்லாம் கிக்குயூ புல்தான். பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், உடம்பில் சேரவிடாது. கூடவே தினமும் கோதுமைத் தவிடு வைக்கிறீர்களா? தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும். ஒரு நாள் இந்தக் கால், ஒரு நாள் அந்தக் கால் என்று நொண்டும். முகத்தெலும்பு மெல்லப் பருக்கும். நாம் ‘மூட்டுத் தேய்மானம், வயசாச்சு’ என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்போம். தவிட்டைக் குறைத்துக் குதிரைமசாலைக் கூட்டுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் விளைகிற தீவனம்தான், கிடைப்பது கஷ்டமில்லை. பல் சரியாகும்வரை நறுக்கி ஊறவைத்துக் கொடுங்கள். கொள்ளும் நன்றாக ஊறியிருக்க வேண்டும். கால்சியம் தனியாகத் தேவையா, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

இனி அந்த 14 நிமிடம். மகன் இதை வயதுக் கணக்கில் எழுதிவிட்டார். வயதும் உண்டுதான். ஆனால் முத்து வாழ்வது சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், சால்வை போர்த்துகிற குளிரில். ஓடுவது கீழே வெயிலில். வெயிலுக்குக் குதிரையின் உடம்பு பழக இரண்டு மூன்று வாரம் வேண்டும். முந்தின நாள் லாரியில் இறக்கி மறுநாள் ஓடவைத்தால் இளங்குதிரையே திணறும். வயதான குதிரைக்கு உடம்பு இன்னும் சீக்கிரம் சூடேறும். அதன் வியர்வையும் நம்முடையதைப் போல இல்லை, இரத்தத்தைவிட உப்பு அதிகம். அந்த நீரும் உப்பும் திரும்பக் கிடைக்காதவரை நாடி எளிதில் இறங்காது.

எனவே கோத்தகிரியிலேயே, காலைக் குளிரில் அளந்து பாருங்கள். லாயத்துக்கு முன்னால் சமதரையில் 38 மீட்டர் தள்ளி ஒரு கல் வையுங்கள். வழக்கமான சவாரி முடிந்து 10 நிமிடம் நின்ற பிறகு தாடையெலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால், பென்சில் கனத்தில் ஒரு இரத்தக்குழாய் உருளும். அதன் துடிப்பை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே டிராட்டில் (மெல்லோட்டத்தில்) அந்தக் கல்வரை போய்த் திரும்புங்கள். புறப்பட்டதிலிருந்து சரியாக ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுங்கள். முதல் எண்ணிக்கையே வந்தாலோ குறைந்தாலோ நல்லது. நாலுக்கு மேல் கூடினால் அவன் களைத்திருக்கிறான், அல்லது எங்கோ வலிக்கிறது. எண்டூரன்ஸ் டாக்டர்கள் செய்யும் சோதனையேதான். வாரம் ஒருமுறை நோட்டில் குறித்து வாருங்கள், மூன்று மாதத்துக்கு.

80 கிலோமீட்டரா? வேண்டாம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது கடைசி ஓட்டம் என்று உங்களுக்குத்தான் தெரியும், முத்துவுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டால் ஓடிவிடுவான், பயமே அதுதான். பல் பார்த்து, உடம்பு தேறி, நோட்டும் நல்லபடியாக இருந்தால் மார்கழி, தைக் குளிரில் ஒரு 40 போங்கள். இறக்கங்களில் நீங்கள் இறங்கி நடங்கள். இறக்கத்தில் எடை முழுக்க முன்னங்காலில் விழும் (58 வயது முழங்காலும் அதைத்தான் சொல்லும்!). முதல் சோதனையில் நாடி இறங்க அடம்பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு லாரியைக் கூப்பிடுங்கள். அமெரிக்காவில் 1955இல் தொடங்கிய டெவிஸ் ஓட்டத்தில் 24 மணி நேரத்துக்குள் 160 கிலோமீட்டர். அங்கேயும் முதல் 10 இடத்தில் வந்த குதிரைகளில் எது நல்ல நிலையில் இருக்கிறது என்று பார்த்து அதற்கென்றே தனிக் கோப்பை கொடுக்கிறார்கள். ஒரே ஆளும் ஒரே குதிரையும் 10 வருஷம், வருஷத்துக்கு ஒரு 80 கிலோமீட்டராவது சேர்ந்து முடித்தால் அதற்கும் அந்த நாட்டில் ஒரு விருது உண்டு. நீங்கள் 14 வருஷம் ஓட்டியிருக்கிறீர்கள்.

அவிழ்த்துவிடுவதைப் பற்றி உங்கள் வீட்டம்மாவிடம் என் கதையைச் சொல்லுங்கள். கொடைக்கானலில் இருந்தபோது என்னிடம் ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. 18 வயதில், உழைத்தது போதும் என்று ஒரே நாளில் சேணத்தைக் கழற்றி மழைக்காலப் புல்லில் விட்டேன். தர்மம் செய்ததாக எனக்கு நினைப்பு. இரண்டே மாதத்தில் வயிறு பருத்தது. ஒரு காலை முன்னங்கால்களை முன்னால் நீட்டி, எடையைப் பின்னால் சாய்த்து, அசையாமல் நின்றாள். குளம்பைத் தொட்டால் சுட்டது. குளம்புக்குள் அழற்சி. பிழைத்துக்கொண்டாள், ஆனால் நடை பழையபடி வரவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. 14 வருஷம் ஓடியவனை வாரத்தில் ஐந்து நாளாவது நடக்கவிடுங்கள், ஒரு மணி நேரம், சேணத்தோடு. தேயிலைக்குள் தனியாக மேயவிடவே வேண்டாம். உங்கள் பக்கத்துக் காட்டுமாட்டையும் சிறுத்தையையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மகனுக்கு ஒன்று. 20 வயதுக் குதிரையை வாங்க வருகிறவரை நாம் பார்க்கலாம், பேசலாம், நல்லவர் என்று நம்பலாம். அவரிடமிருந்து வாங்கப்போகிறவரைப் பார்க்க முடியாது. சுற்றுலா சீசனில் ஏரிக்கரையில் ஆள் மாற்றி ஆள் ஏற்றிக்கொண்டு தார்ச்சாலையில் நிற்கும் கிழக்குதிரைகளை உங்கள் மகனே ஊட்டியில் பார்த்திருப்பார்.

ஆனால் இளங்குதிரை வாங்க அவர் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. வாங்கட்டும். குதிரைக்குத் தனிமை ஆகாது, முத்துவுக்கும் துணையாச்சு. ஓடையைக் கடக்கவும், வழியில் லாரி ஹாரன் அடித்தால் மிரளாமல் நிற்கவும், ஏற்றத்தில் மூச்சை மிச்சம் பிடிக்கவும் புதுசுக்கு யார் கற்றுக்கொடுப்பது? நீங்கள் முத்துவின் மேல் முன்னால் போங்கள், மகன் பின்னால் வரட்டும்.

முதலில் பல். டாக்டர் வந்துபோனதும் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள், நோட்டில் குறித்த முதல் மாத எண்களோடு.