நியூட்ரானும் காமாவும் கலந்து வரும்போது ஒரே சிண்டிலேட்டரை (கதிர்வீச்சு பட்டால் ஒளிரும் பொருளை) வைத்து எது எது என்று எப்படிப் பிரிப்பது?

சில வருடங்கள் இந்த வேலையிலேயே இருந்தவன் என்பதால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு ஒளி வந்தது என்பதை மட்டும் நம்பாதீர்கள். அதே அளவு ஒளியை இரண்டுமே தரும். அந்த ஒளி எப்படி அணைகிறது என்று பாருங்கள்.

காமா உள்ளே நுழைந்தால் ஓர் எலக்ட்ரானை உதைத்துவிடும். அது நீண்ட தூரம் ஓடி, வழியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மூலக்கூறுகளைக் கிளர்த்தும். நியூட்ரானோ ஹைட்ரஜன் அணுவின் கருவை, அதாவது புரோட்டானை முட்டித் தள்ளும். புரோட்டான் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடுவதால், அதன் தடத்தில் கிளர்ந்த மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அவற்றில் பல, டிரிப்லெட் என்ற நிலையில் மாட்டிக்கொள்ளும். அந்த நிலையிலிருந்து சட்டென்று ஒளிர முடியாது. இரண்டு டிரிப்லெட்கள் சந்தித்து, ஒன்று தன் ஆற்றலை மற்றதற்குக் கொடுத்தால்தான் ஒளி வரும். நெருக்கம் கூடினால் சந்திப்பும் கூடும். அதனால் முதல் மின்னல் சில நானோ நொடிகளில் முடிந்த பிறகும், நியூட்ரான் தரும் ஒளித் துடிப்பின் வால், அதாவது மெதுவாக அணையும் கடைசிப் பகுதி, நூற்றுக்கணக்கான நானோ நொடிகள் கனமாக நீளும்.

ஒவ்வொரு துடிப்பிலும் வாலின் பரப்பை மொத்தப் பரப்பால் வகுத்து, ஆற்றலுக்கு எதிரே வரைபடம் போட்டால் நியூட்ரானுக்கு ஒன்று, காமாவுக்கு ஒன்று என இரண்டு பட்டைகள் தெரியும். ஆற்றல் குறையக் குறைய அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். வாலில் எண்ணுவதற்கே சில போட்டான்கள்தான் மிஞ்சும் என்பதுதான் காரணம். ஆகவே வடிவமைப்பில் என் உழைப்பில் பெரும்பகுதி ஒரு போட்டானையும் வீணாக்காமல் சேர்ப்பதற்கே போகும்: நல்ல பிரதிபலிப்புச் சுற்று, சிண்டிலேட்டருக்கும், ஒளியை மின்துடிப்பாக மாற்றும் போட்டோமல்டிப்ளையருக்கும் நடுவே காற்றுக்குமிழி இல்லாத ஒட்டு.

ஒருமுறை திரவ சிண்டிலேட்டரில் பட்டைகள் பிரியவே இல்லை. ஒரு வாரம் மின்னணுச் சுற்றையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், திரவத்தில் கரைந்திருந்த ஆக்ஸிஜன்! டிரிப்லெட்களை அது சந்திக்கவே விடாமல் விழுங்கிவிடும். நைட்ரஜனைக் குமிழிகளாக ஓடவிட்டுக் கலத்தை மூடியதும் பட்டைகள் விலகின. அன்று பட்ட மகிழ்ச்சி இன்னும் மனதில் இருக்கிறது.

பிளாஸ்டிக்கில் இதை நன்றாகச் செய்வது வெகுகாலம் கைகூடவில்லை. 2012இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் ஒளிரும் சாயத்தை வழக்கத்தைவிடப் பல மடங்கு கூட்டிக் கலந்து செய்துகாட்டினார்கள். சாய மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் டிரிப்லெட்கள் அவற்றின் வழியே தாவித் தாவிச் சந்திக்க முடியும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

ஒரு எச்சரிக்கை. 'கனமான துகளுக்கு நீண்ட வால்' என்பதை எல்லாப் பொருளுக்கும் பொருத்தாதீர்கள். தாலியம் கலந்த சீசியம் அயோடைடில் ஆல்ஃபாவின் ஒளிதான் காமாவுடையதைவிடச் சீக்கிரம் அணையும். திரவ ஆர்கானிலும் அப்படியே: அணுக்கரு முட்டித் தள்ளப்பட்டால் பெரும்பகுதி ஒளி சுமார் 7 நானோ நொடியில் அணையும் வேகமான பகுதியிலேயே வந்துவிடும். எலக்ட்ரானுக்கோ ஒன்றரை மைக்ரோ நொடி அளவில் தேயும் மெதுவான பகுதிதான் அதிகம். கனடாவில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் இருண்ட பொருளை (டார்க் மேட்டர்) தேடும் டீப்-3600 என்ற திரவ ஆர்கான் கருவி நம்பியிருப்பதும் இந்த வேறுபாட்டைத்தான்.

அதனால் வால் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையை வேறொருவர் அளவைப் பார்த்து வைக்காதீர்கள். உங்கள் பொருளிலேயே, முதலில் காமா மூலத்தை மட்டும் வைத்தும் பிறகு நியூட்ரான் மூலத்தை வைத்தும் துடிப்புகளைப் பதிவுசெய்து, எல்லையைச் சில நானோ நொடிகள் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பட்டைகள் அதிகம் விலகி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.