கீமோ முடிந்தும் சினைப்பைப் புற்றுநோய் ஏன் திரும்புகிறது, ஆன்டிபாடி மருந்து அதைத் தடுக்குமா?

அம்மாவுக்கு ஸ்கேன் சுத்தமாக வந்தும் நோய் ஏன் திரும்பியது என்று கேட்டிருக்கிறீர்கள். கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் போன்ற கீமோ மருந்துகள் எல்லாம் வேகமாகப் பிரியும் செல்களைத்தான் அதிகம் கொல்லும். கட்டிக்குள் ஸ்டெம் செல் (புதுப்புது செல்களை உருவாக்கும் மூலச் செல்) போல நடந்துகொள்ளும் ஒரு சிறு கூட்டம் உண்டு, அது மெதுவாகப் பிரியும், உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும், டிஎன்ஏ பழுதைத் தானே சரிசெய்துகொள்ளும், அப்புறம் மாதங்கள் கழித்து மறுபடி கட்டியை வளர்க்கும் என்பதுதான் பல ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இந்தச் செல்கள் நிலைத்திருக்க நாட்ச் என்ற சமிக்ஞைப் பாதை உதவுகிறது. அதைத் தூண்டும் டிஎல்எல்4 புரதத்தையும், கட்டிக்கு ரத்தக்குழாய் வளர்க்கும் விஈஜிஎஃப் புரதத்தையும் சேர்த்தே பிடிக்கும் ஆன்டிபாடிதான் (குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் மருந்துதான்) நாவிசிக்சிசுமாப். கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துக்கு நோய் மசியாத 44 பேருக்கு பாக்ளிடாக்சலுடன் கொடுத்ததில் சுமார் 43% பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் ஒப்பிட வேறு குழு இல்லாத ஆரம்பகட்ட ஆய்வு அது, பலருக்கு ரத்த அழுத்தமும் ஏறியது.

2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மிர்வெடுக்சிமாப் வேறு வகை ஆன்டிபாடி மருந்து, ஃபோலேட் ரிசெப்டர் ஆல்ஃபா என்ற புரதம் மேற்பரப்பில் அதிகமுள்ள செல்லுக்குள் நஞ்சைக் கொண்டுபோய் இறக்கும். அம்மாவின் கட்டியில் அந்த ரிசெப்டர் பரிசோதனை செய்தார்களா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.