பேட்ஜைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

பழைய அமெரிக்க மசில் கார் (பெரிய என்ஜின் பொருத்திய வேகமான கார்) வாங்குவோர் அனுப்பிய கேள்விகள், சுருக்கமாக:

1970 செவர்லே செவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட் என்ற வேகமான ரகம்) ஒன்று விலைக்கு வருகிறது. வின் எண் (வண்டியின் அடையாள எண்) 136 என்று தொடங்குகிறது. அதுவே எஸ்எஸ் என்பதற்கு அத்தாட்சி என்கிறார் விற்பவர். (டல்லாஸ்)

இல்லை. 136 என்றால் வி8 என்ஜின் உள்ள மாலிபு என்ற செவெல் வகை, அவ்வளவுதான். 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 தனி மாடல். வின் 138 என்று தொடங்கும். 1969-இல் எஸ்எஸ் வெறும் ஆப்ஷனாகிவிட்டது, வின்னில் தெரியாது. பெட்ரோல் டாங்கின் மேல் சில வண்டிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பில்ட் ஷீட் (தொழிற்சாலையின் பொருத்துப் பட்டியல்), வாரண்டி புத்தகத்தோடு வந்த, வண்டி விவரம் பொறித்த புரொடெக்ட்-ஓ-பிளேட் தகடு, அன்றைய டீலர் பில் ஆகியவற்றில் ஒன்றாவது வேண்டும். எதுவுமே இல்லையென்றால் மாலிபு விலைக்குக் கேளுங்கள்.

கார்ஃபேக்ஸ் என்ற வண்டி வரலாற்றுத் தளத்தில் 1969 வண்டி ஒன்றின் வரலாற்றை எடுக்க முடியுமா?

முடியாது. அது 1981 முதலான 17 இலக்க வின்னுக்கு மட்டும்.

1965 பான்டியாக் ஜிடிஓ. பழைய காகிதங்கள் தீயில் போய்விட்டதாம். (நியூஜெர்சி)

போகட்டும். பிஎச்எஸ் என்ற பான்டியாக் ஆவண நிறுவனத்திடம் 1961 முதலான தொழிற்சாலை பில்களின் நகல் இருக்கிறது. வின்னைக் கொடுத்து நீங்களே வாங்குங்கள். விற்பவர் நீட்டும் நகல் வேண்டாம். 1964, 1965 ஜிடிஓக்களை வின்னை வைத்து அடையாளம் காண முடியாது என்பதால் இந்தச் செலவு அவசியம்.

எல்எஸ்6 (மிகச் சக்திவாய்ந்த 454 என்ஜின்) செவெல் என்று நம்பி, சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கினேன். 'நம்பர் மேட்சிங்' என்றார்கள். என்ஜின் எண் பிறகு குத்தியது என்கிறார் என் மெக்கானிக். (ஒஹாயோ)

படிக்கவே வயிறு எரிகிறது. உங்கள் மேல் தப்பில்லை. இது திட்டமிட்ட மோசடி.

'நம்பர் மேட்சிங்' என்ற சொல்லை வைத்து நடக்கும் வியாபாரம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. சரியான ரக என்ஜினாக இருந்தாலே சிலர் அப்படி விளம்பரம் செய்கிறார்கள். அந்தக் காரோடு பிறந்த என்ஜின் என்பதே அதன் பொருள். பிளாக்கின் முன்பக்கம், வலது ஹெட்டுக்குக் கீழே சின்னத் தட்டைப் பரப்பு ஒன்று உண்டு. தொழிற்சாலையில் இழைத்தபோது அதில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். அவற்றின் மேல்தான் எண் குத்தினார்கள். என்ஜின் வேலையின்போது நேர்மையாகவே அந்த இடத்தைச் சீவியிருக்கலாம். ஆனால் அப்போது எண்ணும் கூடவே போயிருக்கும். கோடுகள் இல்லாமல் எண் மட்டும் கூர்மையாக நின்றால் சந்தேகப்படுங்கள். அப்புறம் தேதி. என்ஜின் அறைப் பின்சுவரில் உள்ள டிரிம் டேக் என்ற தகட்டில் 05பி என்றிருந்தால் மே இரண்டாம் வாரம் கட்டிய கார்; பிளாக் வார்த்த தேதி அதற்கு முன்னதாக இருக்க வேண்டும். நான் வாங்கிய 1969 கேமரோ இசட்/28-இல் அதற்குரிய டிஇசட் என்ற என்ஜின் குறி இருந்தது, கோடுகள் இல்லை. விற்றவர் அதன் பிறகு போனே எடுக்கவில்லை.

விளம்பரம், குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மெக்கானிக்கிடம் படங்களுடன் எழுத்துமூலம் அறிக்கை வாங்கி வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை அந்த என்ஜினில் யாரும் கை வைக்கக் கூடாது.

படம் பார்த்து 1970 பிளிமத் ஹெமி குடாவுக்கு (ஹெமி என்ஜின் பொருத்திய குடா) அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். வின்னின் ஐந்தாம் எழுத்து 'என்'. பரவாயில்லையா?

பரவாயில்லையா என்று இப்போதா கேட்பது? ஹெமிக்கு 'ஆர்' இருக்க வேண்டும். 'என்' என்றால் 383 என்ற என்ஜின். வேறு என்ஜினோடு பிறந்த காரில் ஹெமியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிள் 11 மட்டுமே கட்டப்பட்டது. 2014-இல் அதில் ஒன்று 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் வின் தகட்டின் படத்தைக்கூடக் கேட்காமல் அட்வான்ஸ் அனுப்புவதா? இன்றே எழுத்துமூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

மஸ்டாங்குக்கு இப்படி ஏதாவது உண்டா?

மார்ட்டி ரிப்போர்ட். 1967 மாடல் முதல் ஃபோர்டின் தயாரிப்புப் பதிவிலிருந்தே எடுத்துத் தருகிறார்கள். 1966 வண்டிக்குக் கிடைக்காது.