ஆய்வுக் கட்டுரையைப் படிப்பதும் பயன்படுத்துவதும்: கேள்வி பதில்

சமூகவியல் முதுகலை மாணவி: மேடம், கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தாலும் மனதில் ஒன்றும் நிற்பதில்லை. என்ன செய்வது?

முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குவதுதான் சிக்கல். தலைப்பு, ஆய்வுச் சுருக்கம், அடுத்து நேராக முன்னுரையின் கடைசிப் பத்தி. ஆய்வுக் கேள்வி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு அட்டவணைகளையும் படங்களையும் அவற்றின் அடிக்குறிப்போடு பாருங்கள். கட்டுரை உங்களுக்கு வேண்டாம் என்றால் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும், மூடிவிடலாம்.

வேண்டும் என்றால் ஆய்வுமுறைப் பகுதிக்குப் போங்கள். பலரும் தாண்டிப்போவது இதைத்தான். கட்டுரையின் உயிர் இருப்பதும் இதில்தான். யாரை, எத்தனை பேரை, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? எதை அளந்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? இடையில் எத்தனை பேர் விலகினார்கள்? தலைப்பில் "கிராமப்புறப் பெண்கள்" என்று இருக்கும். உள்ளே போனால் ஒரே கல்லூரியில் கூகுள் ஃபார்ம் நிரப்பிய மாணவிகளாக இருப்பார்கள். விவாதப் பகுதியைக் கடைசியில் படியுங்கள். முதலிலேயே படித்தால் அவர்கள் விளக்கமே உங்கள் விளக்கமாக ஒட்டிக்கொள்ளும். முடித்ததும் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, கேள்வி, தரவு, முடிவு, என் ஆய்வில் இதற்கான இடம் என நான்கு வரி சொந்த நடையில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

செவிலியர் கல்லூரி மாணவர்: பி மதிப்பு 0.03 என்றால் முடிவு 97 சதவீதம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாமா அக்கா?

கூடாது தம்பி. உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தெரிய நூற்றுக்கு மூன்று வாய்ப்பு. அவ்வளவுதான் அதன் பொருள். வித்தியாசம் பெரியதா, நோயாளிக்குப் பயன்படுமா என்பதை அது சொல்லாது. "ஆபத்து 50 சதவீதம் குறைந்தது" என்று கண்டாலும் அட்டவணைக்குப் போய் எண்ணிக்கையைப் பாருங்கள். 100 பேரில் 40 பேர் 20 ஆனாலும் 50 சதவீதம்தான், 2 பேர் 1 ஆனாலும் 50 சதவீதம்தான்.

முனைவர் பட்ட ஆய்வாளர்: ஒரு கட்டுரையில் மேற்கோளாக வந்த பழைய கட்டுரையை, மூலத்தைப் பார்க்காமல் நானும் மேற்கோள் காட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 1980இல் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதத்தை வெளியிட்டது. மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு ஓபியாய்டு என்னும் அபின் வகை வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாத நால்வருக்கு மட்டுமே அது ஏற்பட்டதாகப் பதிவு இருந்தது என்பதுதான் செய்தி. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவோரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. 2017இல் அதே இதழில் வந்த ஆய்வு, இக்கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளைப் பார்த்தது. 439 வெளியீடுகள், ஓபியாய்டால் அடிமைப்பழக்கம் அரிது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டியிருந்தன. பெரும்பாலானவை, அவர்கள் உள்நோயாளிகள் என்பதைக்கூடச் சொல்லவில்லை. ஐந்து வாக்கியங்களைத் திறந்து பார்த்திருந்தாலே போதும். மூலம் எந்த வழியிலும் கிடைக்காவிட்டால், யார் வழியாக எடுத்தீர்கள் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

கல்லூரி விரிவுரையாளர்: பணம் கட்டச் சொல்லும் கட்டுரைகளை முறையாகப் பெற வழி உண்டா?

அரசு நிறுவனம் என்றால் முதலில் நூலகரைக் கேளுங்கள். 2025 ஜனவரி முதல் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் 30 பதிப்பகங்களின் இதழ்கள் திறந்திருக்கின்றன. இல்லையென்றால் கூகுள் ஸ்காலரில் தலைப்பின் கீழுள்ள எல்லாப் பதிப்புகளும் என்ற இணைப்பைத் தட்டுங்கள், ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட்ட பிரதி பல சமயம் அங்கே கிடைக்கும். இலவசப் பிரதி இருந்தால் காட்டும் அன்பேவால் என்ற உலாவி நீட்சியும் உதவும். கடைசி வழி, தொடர்புக்குரிய ஆசிரியருக்கு மூன்று வரி மின்னஞ்சல்.

தமிழ் இலக்கிய ஆய்வாளர்: சங்க இலக்கியம் பற்றி ஆங்கிலத்தில் தேடினால் மிகக் குறைவாகவே வருகிறது மேடம்.

எழுத்துக்கூட்டல்தான் காரணம். சங்கம் என்பதைச் சிலர் எஸ் போட்டும், சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறையைப் பின்பற்றுவோர் சி போட்டும் எழுதுகிறார்கள். தொல்காப்பியம் டி-யிலும் தொடங்கும், டி-எச்சிலும் தொடங்கும். ழகரம் ஒருவருக்கு இசட்-எச், இன்னொருவருக்கு அடிக்கோடிட்ட எல். பழைய ஸ்கேன்களில் அந்த அடிக்கோடு உதிர்ந்து வெறும் எல்லாகவே பதிவாகியிருக்கலாம். ஒவ்வொரு வடிவத்தையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தனித்தனியே தேடி, எந்தெந்த வடிவத்தில் தேடினீர்கள் என்பதைத் தேதியோடு குறித்துவையுங்கள். நல்ல கட்டுரை ஒன்று சிக்கியதும், அதை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலைத் திறந்து அதற்குள்ளேயே தேடுங்கள்.

இளங்கலை மாணவர்: ஏஐ கொடுத்த மேற்கோள் பட்டியலை அப்படியே போடலாமா?

ஒவ்வொன்றையும் சரிபார்க்காமல் போடாதீர்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்தான் டிஓஐ. 10 என்று தொடங்கும் அந்த எண்ணை டிஓஐ தளத்தில் இட்டுப் பாருங்கள். திறக்காது, அல்லது வேறு தலைப்பு திறக்கும், அப்படியானால் அந்த மேற்கோள் பொய்யாக இருக்கலாம். எண்ணின் கடைசியில் முற்றுப்புள்ளி ஒட்டிக்கொண்டாலும் திறக்காது, அதை முதலில் நீக்கிப் பாருங்கள். உண்மையான கட்டுரை என்றாலும், இதழின் பக்கத்தில் திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கோள்களைச் சேமித்து நிர்வகிக்கும் ஜோட்டிரோ மென்பொருளில் சேமித்தால், திரும்பப் பெறப்பட்டவற்றை அதுவே சிவப்பில் எச்சரிக்கும்.