வாசிப்பு அறையில் எதிரொலி

கேள்வி: எங்கள் கல்லூரி வாசிப்பு அறையில் நாற்காலியை இழுத்தாலே காது கூசுகிறது. சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். அது மெலிசு, பேச்சொலியை அவ்வளவாக விழுங்காது, தீ மட்டும் சட்டென்று பிடிக்கும். முதலில் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குல்லா மாட்டுங்கள். தேய்ந்ததை மாற்றாவிட்டால் இரும்பு தரையைக் கீறும், சத்தமும் திரும்பிவிடும்.

அடுத்தது கூரை. தீத்தடுப்புத் துணி போர்த்திய 50 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடிக் கம்பளிப் (கண்ணாடி இழைப் பஞ்சு) பலகைகளைக் கூரையிலிருந்து 10 செ.மீ. இறக்கித் தொங்கவிடுங்கள், அந்த இடைவெளியால்தான் கனத்த குரலும் அடங்கும். தீயணைப்புத் தெளிப்பானை மறைக்கக் கூடாது. அழகுக்காகப் பலகைமேல் பெயின்ட் அடிப்பார்கள், விடாதீர்கள்! ஒலியை விழுங்கும் நுண்துளை அடைபட்டால் பலகையும் வெறும் சுவரும் ஒன்றுதான்.

வராந்தா அரட்டையை இது தடுக்காது. அதற்குக் கதவடி இடுக்கில் ரப்பர் பட்டை பொருத்த வேண்டும்.