19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேயர்களில் நீங்கள் பெரிதும் மதிப்பவர் யார், ஏன்?

தயக்கமின்றிச் சொல்வேன்: டெட்ராய்ட் மேயர் ஹேசன் பிங்கிரி. முதலாளிகள் தேடிப்பிடித்து நிறுத்திய வேட்பாளர், பதவிக்கு வந்ததும் ஊர்ப் பக்கம் நின்றார் என்பதுதான் காரணம்.

1840இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பஞ்சாலை வேலை. பிறகு காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டினார். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து, எதிரிகளிடம் பிடிபட்டு, ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் வாடினார். போருக்குப் பின் டெட்ராய்ட்டில் கூட்டாளியுடன் தொடங்கிய காலணித் தொழில் அவரைச் செல்வந்தராக்கியது. 1889 தேர்தலில் அவரை நிறுத்திய வணிகர்கள், 'நம்மவர்தானே' என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 1891இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கலவரம் மூண்டபோது, படையை வரவழைக்கும்படி முதலாளிகள் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். டிராம் கட்டணத்தை 3 சென்ட்டாகக் குறைக்கப் போராடினார். 1895இல் தெருவிளக்குகளுக்கு நகராட்சியின் சொந்த மின்நிலையம் வந்தது. பள்ளி வாரியத்தில் லஞ்சம் புரள்வதை அறிந்து, கூட்டம் நடந்த அறைக்கே போய், ராஜினாமா செய்யுங்கள் என்றார். அவர்கள் மறுக்கவே, நால்வரை அங்கேயே கைது செய்ய வைத்தார்!

என் மனதில் ஆழப் பதிந்தது உருளைக்கிழங்குத் திட்டம். 1893இல் பொருளாதாரம் சரிந்து, நகரில் வேலையில்லாதோர் பெருகினர். ஊருக்குள்ளேயோ மனை வணிகர்கள் விலையேற்றத்துக்காகப் போட்டுவைத்த காலிமனைகள் ஏராளம். அவற்றை இரவல் கேட்டு வாங்கி, உழுது, பாத்தி பிரித்து, விதைக்கிழங்கோடு ஏழைக் குடும்பங்களிடம் கொடுத்தார். செல்வந்தர்கள் கைவிரித்தபோது, தான் ஆசையாக வளர்த்த குதிரையை ஏலத்தில் விற்றுப் பணம் போட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன. 1894இல், முதல் பருவத்திலேயே, 430 ஏக்கரில் சுமார் 945 குடும்பங்கள் பயிர் செய்தன; அதில் பெரும்பாலோர் போலந்து, ஜெர்மனி நாடுகளிலிருந்து குடியேறியவர்கள், மண்வேலை தெரிந்தவர்கள். கை நீட்டிக் கஞ்சி வாங்குவதைவிடத் தன் கிழங்கைத் தானே தோண்டி எடுப்பதில் எவ்வளவு கௌரவம் இருக்கிறது! பிற நகரங்களும் இதைப் பின்பற்றின.

1896இல் மிச்சிகன் ஆளுநராகவும் வென்றார். மேயர் பதவியையும் விடாமல் வைத்திருக்க முயன்றார். மாநில உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. ஆளுநர் பதவியிலும் ரயில் கம்பெனிகளிடம் நியாயமான வரி கேட்டுப் போராடினார். 1901இல் லண்டனில் நோயுற்று இறந்தார். டிராம் சேவை நகரத்துக்கே சொந்தமாக வேண்டும் என்று அவர் விரும்பியது 1922இல்தான் நிறைவேறியது.